பயத்தின் அருகில் ஒருவர்

1896 ஜூலை நடுவில் ஒரு நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியறையில் 16 வயதுப் பையன் ஒருவன் தனியே உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, காய்ச்சலோ களைப்போ கிடையாது. இருந்தாற்போலிருந்து, செத்துவிடப் போகிறோம் என்ற பயம் அவனைக் கவ்வியது. இன்று ஒருவர் இவ்வளவை மட்டும் போய்ச் சொன்னால் மனநல மருத்துவர் பேனிக் அட்டாக் என்று சீட்டில் குறித்துக்கொள்வார். பையன் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் நீட்டிப் படுத்தான். கைகால்களை விறைக்க வைத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு பிணம்போலக் கிடந்தான். இந்த உடம்பு செத்தால் செத்துப்போவது யார் என்று உள்ளுக்குள் தேடினான். எழுந்தபோது பயம் போயிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். வேங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது.

அதே 1896 மார்ச்சில் பிரெஞ்சு மருத்துவ இதழ் ஒன்றில் வியன்னா நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதிய கட்டுரையில் உளப்பகுப்பாய்வு என்ற சொல் முதன்முதலாக அச்சேறியது. அக்டோபர் 23-ஆம் தேதி அவருடைய தந்தை யாக்கோபு இறந்தார். ஃபிராய்ட் அதற்கு முன்பே பயங்கள் உள்ளவர். ரயில் பயணம் என்றால் பதறுவார், இன்ன வயதில் இறந்துவிடுவோம் என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. தந்தையின் சாவு அவரை ஆட்டிவைத்தது. மறு ஆண்டு தன் கனவுகளைத் தானே பகுத்துப் பார்க்க உட்கார்ந்தார். அதிலிருந்து எழுந்த ‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில் வெளிவந்தது. தந்தையின் இறப்புக்குத் தன் மனம் தந்த பதில்தான் அந்த நூல் என்பதைப் பின்னர்தான் உணர்ந்ததாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதினார்.

ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். அதில் மறைபொருள் தேட வேண்டாம். ஆனாலும் இருவரும் செய்த காரியத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பயம் வந்தால் நாம் அதன் வாயை அடைக்கப் பார்ப்போம். இவர்கள் இருவரும் அதன் பக்கம் திரும்பி, நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். ஒருவர் கேட்ட கேள்வி திருவண்ணாமலையில், அருணாசல மலையின் அடிவாரத்தில் ஓர் ஆன்மிக மரபாக வளர்ந்தது. மற்றவர் கேட்டது மருத்துவமாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது: பயத்தின் பக்கம் திரும்புகிறவருக்கு அருகில் யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் பதற்றத்தோடு வாழும் மனிதர்களுக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதில் குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. மிகச் சிறிய கோயில். மூன்று வாசல்கள், ஒன்றுக்கொன்று நேராக இல்லை. பின்பக்கமாக நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வர வேண்டும். உடல்வலி போகும், பிள்ளைவரம் கிடைக்கும், பில்லி சூனியம் விலகும், மறுபிறவி இராது என்று ஆளுக்கொரு நம்பிக்கை. பௌர்ணமி இரவில் அங்கே கொஞ்சநேரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். முதலில் ஒரு கை வெளியே வரும். பிறகு தலை, வியர்த்த முகம். இடுப்பு மாட்டிக்கொள்ளும் இடத்தில் கண்ணில் திகில் தெரியும். அந்த நேரத்தில் வெளியே நிற்கும் யாராவது ஒருவர், பெரும்பாலும் முன்பின் தெரியாதவர், கையைப் பிடித்துக்கொண்டு, “மூச்ச விடுங்கம்மா, இந்தப் பக்கம் சாயுங்க, வந்துரும்” என்பார். வந்துவிடும். வெளியே வந்தவர் சிரிப்பார், சிலர் அழுவார்கள்.

குறுகிய இருட்டு வழியாக வெளிச்சத்துக்கு வருவது மறுபிறப்பின் நடிப்பு என்பதை அங்கு வரும் பெண்களே சொல்லிவிடுவார்கள். இதற்கு நிகரான ஒரு கருத்தை வைத்துத்தான் 1924-இல் ஃபிராய்டின் நெருங்கிய சீடர் ஓட்டோ ரங்க் ஒரு நூல் எழுதினார். மனிதனின் எல்லாப் பதற்றத்துக்கும் மூலம் பிறப்பின்போது பட்ட அதிர்ச்சியே என்றார். ஃபிராய்டுக்கு அது முழுவதும் சம்மதமாக இல்லை. மறுத்து எழுதப் புகுந்தவர் தம்முடைய பழைய கொள்கையையும் சேர்த்தே மாற்றிக்கொண்டார். அடக்கிவைத்த காம ஆற்றல் புளித்துப் பதற்றமாகிறது என்று அதுவரை சொல்லிவந்தவர், 1926-இல் வெளியிட்ட நூலில் பதற்றம் ஓர் எச்சரிக்கைக் குறி என்றார். ஆபத்து வரப்போகிறது என்று மனம் தனக்குத்தானே அடித்துக்கொள்ளும் மணி அது. எந்த ஆபத்து? கைக்குழந்தைக்குத் தாய் கண்ணில் படாமல் போவது, சற்று வளர்ந்தபின் அவள் அன்பு போய்விடுமோ என்பது, பிறகு தண்டனை, அதன்பின் தன் மனச்சாட்சியே தன்னைக் கைவிட்டுவிடுமோ என்பது. வயது ஏற ஏற ஆபத்தின் உருவம் மாறுகிறது. உள்ளே இருப்பது, நம்மைத் தாங்குகிறவரை இழந்துவிடுவோம் என்ற ஒரே திகில்.

இந்தத் திருத்தத்தால் ஒரு பெரிய விடுதலை கிடைத்தது. பதற்றம் என்றால் கோளாறு, அதை அணைத்தால் போதும் என்ற பார்வை போய், அது எதையோ சொல்ல வருகிறது என்ற பார்வை வந்தது. எதை என்பது மட்டும் பதறுகிறவருக்கே தெரியாது. அங்கேதான் நனவிலி மனம் வருகிறது. பெ. தூரன் அதை அடிமனம் என்று சொல்லி, அந்தப் பெயரிலேயே ஒரு நூலும் எழுதினார். கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைப் பதிப்பித்தவர், கீர்த்தனைகள் இயற்றியவர், உளவியலை எளிய தமிழில் வரிசையாக எழுதிவைத்தும் போயிருக்கிறார். அந்த நூல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிற வேங்கிக்கால். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அங்கே குடியிருக்கிறாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவளே. கொஞ்ச நாளாக ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது. “உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது, கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது” என்கிறாள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று ஒன்றுக்கு நாலு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறாள். இசிஜி எடுத்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை.

மனஇயக்க நோக்கில், அதாவது உளப்பகுப்பாய்வின் வழியில், பயின்ற ஒருவர் அவளிடம் சிலிண்டரைப் பற்றி வாதாட மாட்டார். கேஸ் கசிந்தால் முதலில் யாருக்கு ஆபத்து என்று தோன்றுகிறது என்று கேட்பார். அத்தைக்கு, அவங்கதான் எழுந்து ஓட முடியாதே என்ற பதில் வரலாம். பல வாரங்கள் கழித்து, ஏதோ ஒரு பேச்சின் நடுவே, இந்தக் கிழவி போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு விடிவு என்ற சொல் அவள் வாயிலிருந்தே விழலாம். விழுந்த உடனே அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள். சாகட்டும் என்ற நினைப்பு அவளுக்குத் தாங்க முடியாதது, ஏனென்றால் அவள் உண்மையிலேயே நல்ல மருமகள். ஆகவே மனம் அந்த நினைப்பைக் கீழே அமுக்கியது. அமுங்கியது சும்மா கிடக்கவில்லை. அத்தை செத்துவிடுவாரோ என்ற பயமாக வேடம் மாற்றிக்கொண்டு மேலே வந்தது. சிலிண்டரை மூடி மூடிப் பார்ப்பது, அந்த ஆசைக்கு அவள் ராத்திரிதோறும் போடும் பூட்டு.

ஃபிராய்டின் மகள் அன்னா 1936-இல் இத்தகைய தற்காப்பு முறைகளைத் தொகுத்து எழுதினார். அமுக்குவது, மறுப்பது, தன் கோபத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுவது, உள்ளதற்கு நேர் எதிராக நடந்துகொள்வது, வேறொன்றின்மேல் திருப்பிவிடுவது என்று பட்டியல் நீளும். இவை குற்றங்களோ பலவீனங்களோ இல்லை. இவை இல்லாமல் யாரும் ஒரு நாள்கூட வாழ முடியாது. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் இளைஞர்களாகச் சேர்க்கப்பட்டவர்களின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்த ஜார்ஜ் வைலன்ட், இவற்றில் முதிர்ந்தவையும் முதிராதவையும் உண்டு என்று 1977-இல் காட்டினார். நகைச்சுவை, பிறருக்கு உதவுவது, வலியைப் படைப்பாக்குவது, தெரிந்தே கொஞ்சநேரம் தள்ளிவைப்பது ஆகியவற்றை அவர் முதிர்ந்தவை என்றார்.

வேங்கிக்கால் பெண்ணின் நிலையை வியன்னாவைவிடக் கல்கத்தா நன்றாகப் புரிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அங்கிருந்த கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1921-இல் அமுக்கம் பற்றிய தம் ஆய்வேட்டை ஃபிராய்டுக்கு அனுப்பினார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஐரோப்பியப் பட்டம் எதுவும் பெறாமல், யாரிடமும் போய்ப் படுத்துப் பகுப்பாய்வு செய்துகொள்ளாமல், தாமாகவே இந்தத் துறைக்குள் வந்தவர். ஒவ்வொரு ஆசையும் தன் எதிர் ஆசையையும் கூடவே இழுத்துவருகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழுத்துவதால்தான் அமுக்கம் நேர்கிறது என்பது அவர் கொள்கை. நோயாளியை ஒரு நிலையில் நின்று பார்க்கச் சொல்லி, பிறகு எதிர்நிலையில் நின்று பார்க்கச் சொல்லி, இப்படி மாறிமாறிக் கொண்டுசெல்வது அவர் சிகிச்சை. அத்தையை நேசிக்கிறவளும் வெறுக்கிறவளும் ஒருத்திதான் என்பதை அந்தப் பெண் ஏற்க இது நல்ல வழி. 1931-இல் ஃபிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்குச் சங்கம் தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பியது. அவர் அதைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். போஸின் கருத்துகளை அவ்வளவு அருகில் அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

மதுரை மாடியறைக்குத் திரும்புவோம். உளப்பகுப்பாய்வு அங்கே என்ன பார்க்கும்? வேங்கடராமனின் தந்தை சுந்தரமையர் திருச்சுழியில் வக்கீல் தொழில் செய்தவர், 1892-இல் இறந்தார். குடும்பம் பிரிந்தது. பெரிய பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். தாய் அழகம்மாள் மற்றப் பிள்ளைகளோடு மானாமதுரை போனார். பன்னிரண்டு வயதில் தந்தையும் போய், தாயின் அருகாமையும் போய்விட்டது. அந்தக் காலத்தில் அவன் தூங்கினால் அடித்தாலும் எழ மாட்டான். கூட்டாளிகள் தூக்கிப்போய் மொத்திவிட்டுத் திரும்பப் படுக்கவைப்பார்கள், காலையில் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. நான்கு ஆண்டு கழித்து, காரணமின்றி மரணபயம். ஆறு வாரத்தில், பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எழுதிவைத்த சீட்டில், தகப்பனாரைத் தேடி அவர் உத்தரவுப்படி போவதாகச் சொல்கிறான். ‘நான்’ என்று தொடங்கும் சீட்டு, சில வரிகளுக்குள் தன்னை ‘இது’ என்று சொல்லத் தொடங்கி, கையெழுத்து இல்லாமல் முடிகிறது.

1923-இல் ஃபிராய்ட் மரணபயத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். நனவிலி மனத்துக்குத் தன் சாவு தெரியாது. சாவுபயம் என்று நாம் உணர்வது, நம்மைக் காத்துவந்த தந்தை போன்ற சக்திகள் கைவிட்டுவிட்டன என்ற உணர்வே என்றார். இந்த வாய்பாட்டை மாடியறைமேல் வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. துக்கம் கொண்டாடப்படாத தந்தை, கைவிடப்பட்ட மகன், தேடிப்போகும் அருணாசலத் தந்தை.

இவ்வளவு எளிதாகப் பொருந்துவதே என்னைத் தயங்கவைக்கிறது. முதலாவது, சான்று. மாடியறை நிகழ்ச்சி நமக்கு விரிவாகக் கிடைப்பது 1931-இல் வந்த பி.வி. நரசிம்ம ஸ்வாமியின் ஆங்கில வாழ்க்கை வரலாற்றில். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பல நாள் உரையாடல்களிலிருந்து அவர் அதைத் தம் நடையில் கோத்தார். சொற்கள் மகரிஷியின் வாய்ச்சொற்கள் அல்ல என்பதை அவரே குறிப்பிட்டார். வளர்ந்தபின் சொல்லும் பழைய நினைவு, இடைப்பட்ட காலத்தால் திருத்தி எழுதப்பட்டது என்பதை 1899-இலேயே ஒரு கட்டுரையில் சொன்னவர் ஃபிராய்ட்தான். இரண்டாவது, இந்த விளக்கம் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். அது என்னவாயிற்று என்பதைச் சொல்லாது. அடக்கிய துக்கம் வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் கோட்பாடு. இங்கே நாம் பார்ப்பது ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து, விடியும் முன் ஆசிரமத்து அடுக்களையில் காய் நறுக்கி, அச்சுப்படி திருத்தி, வருகிறவர்களோடு சிரித்துப் பேசிய ஒரு மனிதரை. வைலன்டின் அளவுகோலை எடுத்துக்கொண்டாலும் முதிர்ச்சியின் பக்கம்தான் அவர் நிற்கிறார்.

மகரிஷி பயத்தைத் தனியாகவே வென்றார் என்று பக்தர்கள் சொல்வதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். அந்த அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார். அதன் பிறகு அப்படி இல்லை. பாதாள லிங்கக் குகையில் பூச்சி அரித்த தொடைகளோடு, சிறுவர்களின் கல்லெறியில் கிடந்தவரைக் காக்க முன்வந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். உணவு ஊட்டியவர்கள் இருந்தார்கள். தொண்டர் பழனிசாமி நிழல்போல உடனிருந்தார். 1912-இல், மலையின் வடகிழக்கு அடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலிலிருந்து விரூபாட்சக் குகைக்குத் திரும்பும் வழியில், ஆமைப்பாறை அருகே, கண் இருண்டு, உடல் நீலம் பாரித்து, மூச்சும் நாடியும் நின்றதாகச் சொல்லப்படும் இரண்டாம் மரண அனுபவம் வந்தது. அப்போது உடன்வந்த அன்பர் வாசுதேவ சாஸ்திரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்தத் தழுவலும் அழுகையும் தமக்குத் தெரிந்ததாக மகரிஷி பின்னர் சொன்னார்.

1922 மே 19 அன்று நடந்ததை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். தாய் அழகம்மாள் இறந்துகொண்டிருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை அவர் மார்பிலும் இடது கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பல மணிநேரம் அசையாமல் இருந்தார். தாயின் வாசனைகள், அதாவது பல பிறவிகளாகப் படிந்த பற்றுகளின் தடங்கள், ஒவ்வொன்றாக எழுந்து அடங்கியதாகப் பின்னர் விளக்கினார். முன்பு பழனிசாமி இறந்தபோது கையைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டதால் அது முழுமை பெறவில்லை என்றும், அதனால் இம்முறை கடைசிவரை எடுக்கவில்லை என்றும் சொன்னார். வாசனையும் நனவிலி மனமும் ஒன்றல்ல. ஒன்று பிறவிகளைத் தாண்டியது, மற்றது ஒரு குழந்தைப் பருவத்துக்குள் அடங்கியது. நனவிலி மனத்துக்குள்ளே ஆசைகளின் சண்டை நடப்பது கட்டாயம். இருந்தாலும், உள்ளே புதைந்தது மேலே எழும்போது கூட இருப்பவர் கையை எடுக்காமல் இருக்க வேண்டும் என்ற அறிவு இரண்டிலும் இருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்தில் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட், குழந்தையைத் தாய் ஏந்திக்கொள்வதுபோல் சிகிச்சையாளர் நோயாளியின் பதற்றத்தை ஏந்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

உளவியலாளர் கார்ல் யுங் 1937–38 குளிர்காலத்தில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் 25-ஆம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு. சென்னை வரை வந்தவர் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் ஸிம்மர் மகரிஷியைப் பற்றி எழுதிய நூலை, நண்பர் இறந்தபின் 1944-இல் தாமே பதிப்பித்தபோது, ஏன் போகவில்லை என்பதற்கு முன்னுரையில் நீளமாகக் காரணம் சொன்னார். அந்தக் காரணங்கள் என்னை முழுவதும் ஈர்க்கவில்லை. ஆனால் அதில் வரும் ஒரு மனிதர் ஈர்க்கிறார். திருவனந்தபுரத்தில் யுங் சந்தித்த, மகரிஷியின் சீடர் ஒருவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்போல எளிய தோற்றம், மனைவி மக்களோடு குடும்பச் சுமை. ஞானியைப் பார்க்கவில்லையே என்ற குறையை அந்த மனிதர் தீர்த்துவைத்தார் என்றும், உலகத்தையும் விடாமல் அமைதியையும் விடாமல் இருப்பது அதைவிடக் கடினம் என்றும் யுங் கருதினார். பதற்றத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியவர் இந்த மனிதரைப் போன்றவர்தான். மாதக் கடைசியில் பலசரக்குக் கடன் உள்ளவர், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காதவர்.

ஏனென்றால், சாவுபயம் வந்தால் படுத்து ‘நான் யார்’ என்று விசாரி என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. பேனிக் அட்டாக்கின் உச்சத்தில் சிலருக்கு, உடம்பு தனதில்லை, கண்முன் உள்ளதெல்லாம் நிஜமில்லை என்ற உணர்வு வரும். அது ஞானம் இல்லை, தாங்க முடியாத வேதனை. அவரிடம் நீ உடம்பல்ல என்று சொல்வது தள்ளாடுகிறவரை மேலும் தள்ளிவிடுவது. தத்துவத்தையே தற்காப்பாக்கிக்கொள்வதும் உண்டு: அழ வேண்டியதை அழாமல், எல்லாம் மாயை என்று சொல்லித் தப்பிப்பது. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் ஆசிரமத்து அமைதியை நம்பி அதைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மகரிஷியே எல்லோருக்கும் ஒரே வழியைச் சொன்னவரல்லர். விசாரணை கைவராதவருக்கு ஜபம், சிலருக்குக் கிரிவலம், பலருக்கு வெறுமனே ஆசிரமத்து ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பது. 1926 வரை அவரே மலையைச் சுற்றினார்.

நம் நாட்டுச் சிகிச்சைக்கு நம் மரபிலிருந்தே ஒரு வடிவம் எடுக்கலாமே என்று மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி 1973-இல் எழுதினார். குரு–சீடர் உறவே இந்தியருக்கேற்ற சிகிச்சை உறவு என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, பெங்களூர் அகில இந்திய மனநல நிலையத்தின் என்.சி. சூர்யா, மேற்கத்திய முறையை இங்கே அப்படியே நட முடியாது என்று 1964-இல் எஸ்.எஸ். ஜெயராமுடன் சேர்ந்து எழுதினார்; பிற்காலத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கே போய்விட்டார். இவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் நோயாளி மருத்துவரிடம் அறிவுரையை எதிர்பார்க்கிறார், சும்மா தலையாட்டிக் கேட்பவரை நம்ப மாட்டார். ஆனாலும் வேங்கிக்கால் பெண்ணை நினைத்தால் எனக்கு ஒரு தடை தெரிகிறது. குருவின் முன்னால் அவள் கோபப்பட முடியாது. பெரியவர்களை வெறுக்கிறேன் என்று குருவிடம் சொல்ல நம் மரபு அவளுக்கு நாக்கைத் தரவில்லை. சிகிச்சையாளரிடமே எரிச்சல் பட்டு, அவர் அதனால் உடைந்தும் போகாமல் தண்டிக்கவும் செய்யாமல் இருப்பதைக் கண்ட பிறகுதான், தன் கோபம் யாரையும் கொன்றுவிடாது என்பது அவள் அடிமனத்துக்கு எட்டும்.

இதெல்லாம் பலன் தருமா என்பதற்கு இப்போது சோதனைகள் உள்ளன. பார்பரா மில்ராட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பேனிக் கோளாறு உள்ள 49 பேரில் ஒரு பிரிவினருக்கு மனஇயக்கச் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி. வாரம் இரண்டு அமர்வு, 12 வாரம். முதல் பிரிவில் 73 சதவீதத்தினர் தேறினார்கள், இரண்டாவதில் 39. சமூகப் பதற்றத்துக்கு ஜெர்மனியில் 495 பேரிடம் நடந்த ஆய்வில் (2013) அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு 60 சதவீதமும் மனஇயக்கச் சிகிச்சைக்கு 52 சதவீதமும் பலன். முன்னது சற்று மேல். இரண்டும், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட வெகுதூரம் மேல். ஆகவே ஃபிராய்ட் சொன்ன எல்லாவற்றையும் நம்பத் தேவையில்லை. நம்பவும் கூடாது. உள்ளே இருப்பதை ஒருவர் உடனிருக்கப் பேசுவது உதவுகிறது என்பதை மட்டும் இனி மறுக்க முடியாது.

உடனிருப்பது நமக்குப் புதிதும் இல்லை. தமிழகத்துக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பரிகாரமும் மந்திரமும் பெரிதாக எதுவுமில்லை. யாரும் விரட்டாத இடமும் பக்கத்தில் குடும்பத்தாரும் இருந்ததே காரணமாகலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 1957-இல் வேலூர் சிஎம்சி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது வழக்கமாக வேரூன்றியது. உலகம் பின்னர் வியந்து பார்த்த முறை அது.

ஆனால் பதற்றத்தைப் பொறுத்தவரை, நம் குடும்ப அமைப்பின் இந்த வலிமையே சிக்கலும் ஆகிறது. நம் ஊரில் யாரும் மருத்துவமனைக்குத் தனியாக வருவதில்லை. கூட வருகிறவர் கணவர், மாமியார், நாத்தனார், அப்பா. பயத்தின் மூலம் எந்த உறவில் இருக்கிறதோ, பல நேரம் அந்த உறவே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல டாக்டர், சும்மா எதையாவது நினைச்சிட்டே இருக்கா” என்று அவளுக்காகப் பதிலும் சொல்கிறது. இந்தச் சிக்கல் வியன்னாவிலும் இருந்தது. 1896 ஏப்ரலில் ஃபிராய்ட், தம்மிடம் வந்தவர்களின் நோய்க்குக் காரணம் சிறுவயதில் அவர்கள்மீது நடந்த பாலியல் அத்துமீறலே என்று வியன்னா மருத்துவர்கள் முன் பேசினார்; மறு ஆண்டு செப்டம்பரில் அந்தக் கருத்திலிருந்து பின்வாங்கினார். அது உண்மையைக் கைவிட்ட செயல் என்று ஜெஃப்ரி மேசன் 1984-இல் எழுதிய நூல் பெரும் சண்டையைக் கிளப்பியது. அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்பது தனி விவாதம். வீட்டுக்குள் நடந்ததை வீட்டார் முன்னால் சொல்ல முடியாது என்ற அடிப்படை உண்மை வியன்னாவுக்கும் திருவண்ணாமலைக்கும் பொது.

2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். செலவில்லை, தமிழில் பேசலாம், பெயர் கேட்டு ஊரில் சொல்ல யாரும் இல்லை. இது பெரிய வசதி. இதற்கு மேல் நம் மாவட்டங்களுக்குத் தேவைப்படுவது கட்டடமோ கருவியோ இல்லை; வீட்டைச் சேராத ஒருவர், வாரம் ஒரு மணிநேரம், ஒரே நாளில் ஒரே நேரத்தில், கதவு சாத்திய ஓர் அறையில். வேங்கிக்கால் பெண்ணின் வைத்தியம் மருந்துச்சீட்டில் தொடங்காது. மருத்துவர் கூட வந்தவரைப் பார்த்து, “நீங்க கொஞ்சநேரம் வெளிய உக்காருங்க, நான் இவங்ககிட்ட பேசணும்” என்று சொல்லி, அவர் முகம் சுளித்து எழுந்து போகும்வரை காத்திருக்கும்போது தொடங்கும்.